ஒண்ணேகால் மணி நேரப் பொய்

ஆலடிப்பேட்டையில் சாமான்கள் சுருங்க ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்பதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, ஆனால் மணி என்ன என்று கேட்டால் மட்டும் பாதி ஊர் பத்தே முக்கால் என்றும் மீதி ஊர் ஒன்பதரை என்றும் சொல்லும், இரண்டு கட்சிக்காரர்களும் கடிகாரத்தைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள், இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. இடையில் கிடந்த அந்த ஒண்ணேகால் மணி நேரத்தில்தான் ஆவுடைச்செல்வி தன் புருஷனைத் தொலைத்தாள், அவரைத் திரும்ப எடுப்பதற்கு அவள் பட்ட பாட்டை இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நயினார் நெட் சென்டர். புருஷன் சங்கரநயினாருக்கு ஆட்களோடு பேசுகிற வேலை, பெண்டாட்டி ஆவுடைச்செல்விக்கு மெஷின்களோடு பேசுகிற வேலை என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்டுச் சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். அவள் உள்ளே, பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த கம்ப்யூட்டர் சயின்ஸை மறக்காமல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளை அடித்து மெஷின்களை உயிரோடு வைத்திருப்பாள். ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கல்யாண வீடியோ, காதுகுத்துப் படம், கிரகப்பிரவேசம், செத்தவர்களுக்கு எடுத்த கடைசிப் படம் என்று எதுவானாலும் நயினார் கடை மெஷினில் ஒரு பிரதி போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். தங்கள் செல்போன்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, செல்விமேல் இருந்தது. அப்படி வருஷக்கணக்காகப் போட்டுப் போட்டுக் கடைசியில் அந்த மெஷின் கர்ப்பிணிபோல மூச்சு வாங்க ஆரம்பித்தது, புதிதாக ஒரு படம் வைக்கவும் இடமில்லை.

இருப்பதைச் சுருக்கிக் கட்டி வைக்கும் கருவி ஒன்று இலவசமாகக் கிடைப்பதைச் செல்வி இணையத்தில் கண்டுபிடித்தாள். எங்கோ குளிர்தேசத்தில் யாரோ ஒருவர் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டுவைத்தது. அதன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, பின்னால் ஊரே அதைப் பொதி என்றுதான் சொன்னது. அவளுடைய பழைய மெஷினுக்குச் சமைத்துவைத்த பண்டமாக அது கிடைக்கவில்லை, மாவாகத்தான் கிடைத்தது. அதாவது சோர்ஸ் கோடாகக் கிடைத்தது, நாம்தான் கம்பைல் செய்து இட்லியாக அவித்தெடுக்க வேண்டும். செல்வி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் அதை இறக்கிப் பிரித்துப்போட்டு முதல் கட்டளையைக் கொடுத்தாள். பெண் பார்க்க வந்த வீட்டார்போல அது மெஷினுக்குள் நுழைந்து, இது இருக்கிறதா, இருக்கிறது, அது இருக்கிறதா, இருக்கிறது, இன்னது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே போய், ஒன்று இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. இல்லாததைத் தேடி எடுத்து வைத்தாள். மறுபடி முதலிலிருந்து விசாரணை. எல்லாம் இருக்கிறது என்று அது சம்மதித்த பிறகு கட்டுவதற்கான கட்டளையைக் கொடுத்தாள், வரிகள் ஓட ஆரம்பித்தன. பாதி ஓடியிருக்கும்போது சங்கரநயினார் கடைக்கு வந்தார்.

சங்கரநயினாருக்கு ஏழரைச் சனி தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜோசியர் சொன்னதிலிருந்து அவருக்கு நிழலைக் கண்டால்கூடப் பயம், பயப்படக் காரணமும் இருந்தது. தொடங்கிய வாரமே கடை மின்விசிறி கழன்று விழுந்தது. அடுத்து வெறிநாய் கடித்தது, ஊசி போடப் போன இடத்தில் ஸ்கூட்டர் காணாமல் போனது, போலீஸ் ஸ்டேஷன் படியில் வழுக்கி முன்பல் உடைந்தது. இத்தனையிலும் செல்விக்கும் பங்கு உண்டு என்பதை அவர் யோசித்ததே இல்லை. மின்விசிறி விழுந்தது அவளுடைய நாற்காலியில்தான், நாய் கடித்த காலுக்கு மருந்து போட்டதும் அவள்தான், ஆனாலும் சனி தன்னை மட்டும்தான் பிடித்திருக்கிறது என்கிற பெருமைபோல ஒன்று அவரிடம் இருந்தது. ராகுகாலத்தில் அவர் போன்கூட எடுக்கமாட்டார். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டே இறங்குவார்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அவர் வந்தபோது மணி பத்தே முக்கால். திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துவிட்டு, புதுசா ஒண்ணைக் கட்டுத நேரமா இது என்று கேட்டார். நான் ஆரம்பிச்சது எட்டரைக்கு என்றாள் செல்வி. முடிவது ராகுகாலத்திலல்லவா என்றார் அவர். அப்படியானால் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டுக்குமேல் தொடரட்டுமா என்று கேட்டாள். பாதியில் நிறுத்துவது அதைவிட அபசகுனம் என்று சொல்லி, நிறுத்தவும் விடாமல் ஓடவும் விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து, மெஷின் இணையத்திலிருந்து தானாக நேரம் வாங்கிக்கொள்ளும் வசதியை அணைத்து, அதன் கடிகாரத்தை ஒன்பதரைக்குத் திருப்பி வைத்தார். ஒன்பதரை நல்ல நேரம். மெஷினும் சுவரும் சண்டை போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தையும் திருப்பினார்.

திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரம் பிசகியிருக்கிறது, கட்டி முடித்தது அரைகுறையாக இருக்கலாம் என்று அது சொன்னது. செல்வி அதைப் படித்தாள். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதிரி வேலையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டேதான் இருக்கும், சிகரெட் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு யாரும் பெட்டியைக் கீழே போடுவதில்லை. கட்டி முடித்தபின் சோதித்துப் பார்க்க ஒரு கட்டளை உண்டு, அதைக் கொடுக்கப் போனபோது, நல்ல நேரம் பத்தேகாலோட முடியுது, முதல்ல இன்ஸ்டால் பண்ணு என்று அவர் அவசரப்படுத்தினார். சோதிக்காமலே அவள் இன்ஸ்டால் செய்தாள்.

முதலில் அவள் சுருக்கிக் கட்டியது பக்கத்துக் கடை மைதீன் பிச்சையின் கோப்புறையை. மைதீன் பிச்சை வாடகைக்குப் பந்தல் சாமான் விடுகிறவர், தன்னிடமிருக்கும் அண்டா, நாற்காலி, சாமியானா, மணமேடை எல்லாவற்றையும் படமெடுத்து அவளிடம் கொடுத்து வைத்திருந்தார். கட்டளையை அடித்து முடித்த நேரத்தில் பக்கத்துக் கடையில் சத்தம் அடங்கியது. மைதீன் பிச்சை வந்து நின்றார், கையில் சோப்புக்கட்டி அளவுக்குக் காக்கித்தாள் நிறத்தில் ஒரு பொட்டலம்.

“தங்கச்சி, கடை காலியா கெடக்கு. சாமான் பூரா இதுக்குள்ள இருக்குபோலத் தெரியுது. இது உன் வேலையா?”

செல்வி திரையைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், ஆமாண்ணே என்றாள். அவிழ்க்கும் கட்டளையைக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மைதீன் பிச்சை டீ வாங்கி வந்து குடித்தார், பேப்பர் படித்தார், மூன்று பேருக்கு அண்டா இல்லை என்று சொல்லி அனுப்பினார். ஒண்ணேகால் மணி நேரம் கழித்துப் பக்கத்துக் கடையில் நாற்காலிகள் உரசும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தாம்பரத்தில் ஒரு கல்யாணம் இருப்பதாகவும் லாரி பிடிக்காமல் பஸ்ஸிலேயே போக முடியுமா என்றும் விசாரித்தார்.

அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் அதிசயப்பட்டார்கள், அடுத்த வாரம் வரிசையில் நின்றார்கள், அதற்கடுத்த வாரம் வரிசை மெதுவாக நகர்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். வைக்கோல் போரைக் கட்டினார்கள், மழைக்காலத்தில் வெயில்கால சாமானையும் வெயில்காலத்தில் மழைக்கால சாமானையும் கட்டினார்கள், பேத்தி பிரசவத்துக்கு வந்தால் முன்கட்டு சோபாவைக் கட்டித் தொட்டில் போட இடம் பண்ணினார்கள், பூக்காரர்கள் விலை இறங்கிய நாளில் மல்லிகையைக் கட்டி வைத்து முகூர்த்த நாளில் அவிழ்த்தார்கள். மாதம் கழித்து அவிழ்த்தாலும் மொட்டு மொட்டாகவே இருந்தது, விரிந்திருக்கவில்லை, ஈரம்கூட உலர்ந்திருக்கவில்லை. பத்து மணிக்கு வேண்டிய சாமானை எட்டே முக்காலுக்கு அவிழ்க்கக் கொடுக்க வேண்டும் என்பது பஸ் நேரத்தைப்போல எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நயினார் அன்றைக்குக் கடிகாரத்தைத் திருப்பியதால் வந்த தாமதம் அது என்று செல்வி சொல்லிப் பார்த்தாள். சரி, பொய் சொன்னால் அந்த அளவுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்களே தவிர, திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஓடுகிற மெஷினில் கை வைக்கக் கூடாது என்பது அந்த ஊரின் கொள்கை.

எது நன்றாகச் சுருங்கும், எது சுருங்காது என்பதும் போகப்போகத் தெரிந்தது. ஒன்றையே திரும்பத் திரும்ப வைத்திருக்கும் பொருள் மிக நன்றாகச் சுருங்கும். செங்கல் சூளையில் அடுக்கிய கல் ஒரு புளியங்கொட்டைக்குள் போனது. தேர்தல் கூட்டம் முடிந்ததும் மேடையை ஒலிபெருக்கியோடும் அதிலே பேசிய பேச்சோடும் கட்டினார்கள், பொட்டலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை, கடுகளவில் தரையில் கிடந்ததை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை. உயிருள்ளதைக் கட்டுவதில்லை என்று மட்டும் கோயில் கமிட்டியும் ஜமாத்தும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தன. யாரோ ஒருவர் ஆட்டைக் கட்டி அவிழ்த்திருந்தார், ஆடு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று பெரியவர்களுக்குப் பயம்.

அந்த முடிவை மீறியது சங்கரநயினார். ஐப்பசியில் ஒரு நாள் கடை போர்டு கழன்று அவர் தோளில் விழுந்ததில் கையில் கட்டுப் போட்டிருந்தது. கட்டோடு உட்கார்ந்து நாள்முழுதும் யோசித்துவிட்டு, தன்னைக் கட்டி வைத்துவிடும்படி செல்வியிடம் கேட்டார். சனி பிடிப்பது ஆளைத்தானே, ஆள் இல்லாவிட்டால் எதைப் பிடிக்கும், ஏழரை முடிந்த மறுநாள் அவிழ்த்தால் சுத்தமான ஆளாக வெளியே வருவேன் என்றார். இன்ன தேதிக்கு முன்னால் திறக்கக் கூடாது என்று பூட்டுப் போடும் வசதி பொதியில் இருந்தது, அதையும் போடச் சொன்னார். நடுவில் அவள் மனது இளகித் திறந்துவிடுவாள் என்று அவருக்குச் சந்தேகம். செல்வி அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் சமைக்கவில்லை. அவருடைய அக்கா பிரமு வந்து, என் தம்பி உயிரோட இருக்கணும்னு உனக்கு எண்ணம் இல்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மேல் நிற்க செல்வியால் முடியவில்லை.

அவருடைய படத்தை மெஷினில் போட்டு, கட்டும் கட்டளையை அவள் அடித்தாள். நல்ல நேரம் பார்த்து என்டரை அவரே அழுத்தினார்.

“போயிட்டு வாரேன்” என்றார்.

நாற்காலியில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்ததும் செல்விக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். அவர் நாளைக்கு மூன்று தடவை ஒரே ஜோக்கைச் சொல்லுகிறவர், சாப்பிடும்போதெல்லாம் உப்பு கம்மி என்கிறவர், பதினாலு வருஷமாக ஒரே சண்டையை ஒரே வரிசையில் போடுகிறவர். கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்குவார் என்று அவள் நினைத்திருந்தாள். பொட்டலம் உரிக்காத தேங்காய் அளவுக்கு இருந்தது, இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. இவ்வளவும் இவருக்குள் எங்கே இருந்தது, நமக்குத் தெரியவில்லையே என்று எண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிரமு அதைப் பூஜை அலமாரியில் வைக்கச் சொன்னாள். செல்வி தன் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், அது எப்போதும் லேசாகச் சூடாக இருந்தது.

மறுநாள் காலையில் கடையின் வெயில் தகரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. கத்தவில்லை, சோறு வைத்தால் தின்னவில்லை, கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஷட்டர் இறக்கும்வரை இருந்துவிட்டு, மறுநாள் ஷட்டர் தூக்கும்போது அங்கே இருந்தது. ஊருக்கு அது யார் என்று சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, காகத்தை ஒரு பார்வை பார்த்து, இன்னும் இருக்காரா என்று கேட்டுவிட்டு வேலையைச் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் தகரத்துக்கடியில் எள் விளக்கு வைத்துவிட்டுப் போனார்கள், கடைக்கு அதனால் கூட்டம் கூடியது என்றுகூடச் சொல்லலாம். செல்விக்கு மட்டும் அது பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. மழையில் அது நனைந்தது, அவள் பார்த்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தது, அது பார்த்தது. வாசலில் ஆட்களோடு பேசவும் இப்போது அவள்தான், உள்ளே மெஷினோடு பேசவும் அவள்தான், ராத்திரி வீட்டில் உப்பு கம்மி என்று சொல்ல ஆள் இல்லை. அவர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாசி மாதம் ஒரு பூக்காரி தன் பொட்டலத்தை அவிழ்க்கக் கொடுத்தாள். தீபாவளிக்கு வாங்கிக் கட்டிய மல்லிகை. உரிய நேரம் காத்திருந்து கூடையில் வந்து விழுந்த மொட்டுகளைப் பார்த்து, அன்னைக்கு வாங்குனது மாதிரியே இருக்கு, ஒரு நாள்கூட ஆகல பாருங்க என்று பூக்காரி சந்தோஷமாகக் காட்டினாள். செல்வி இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை கையில் அள்ளிய பூவோடு திரும்பிக் காகத்தைப் பார்த்தாள், அப்போதுதான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது. உள்ளே போனதற்கு நாள் ஓடாது. நாள் ஓடாவிட்டால் ஏழரையும் ஓடாது. வெளியே எத்தனை வருஷம் போனாலும் அவர் வெளியே வரும்போது கட்டுப் போட்ட கையோடு அந்த ஐப்பசி மாதத்து ஆளாகத்தான் வருவார், காகமும் கிழட்டுக் காகமாகத் தகரத்திலேயே இருக்கும், மிச்சம் அத்தனையையும் அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும். அதற்குள் அவளுக்கு அவரைவிட வயது கூடியிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் உங்க அக்காவா என்று அவரிடம் கேட்பார்கள்.

ஜோசியரிடம் போய்க் கேட்டாள். அவர் கட்டத்தைப் பார்க்காமலே, வாழ்ந்து கழிக்கிறதுதாம்மா கணக்கு என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, உன் வீட்டுக்காரர் கேட்கவில்லையே என்றார்.

மெஷினின் கடிகாரத்தைப் பூட்டுத் தேதிக்கு முன்னுக்குத் தள்ளிவைத்துவிட்டால் திறக்குமல்லவா என்று பிரமு கேட்டாள். மைதீன் பிச்சைதான் அதற்குப் பதில் சொன்னார். ஒண்ணேகால் மணி நேரப் பொய்க்கு ஒண்ணேகால் மணி நேரம் காக்க வைக்கிற சாமான் இது, ஆறு வருஷப் பொய் சொன்னால் ஆறு வருஷம் காக்க வைக்கும், அதற்குச் சும்மாவே இருந்துவிடலாம் என்றார். செல்விக்கும் அது தெரியும். அவள் மூலத்துக்கே போவது என்று தீர்மானித்தாள். சோர்ஸ் கோடு கையில் இருக்கிறது. பூட்டைப் பார்க்கிற வரி எது என்று தேடி அதை எடுத்துவிட்டு, உண்மையான நேரத்தில், ஆரம்பத்திலிருந்து, மறுபடி கட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் பழைய பொதியை மெஷினிலிருந்து நீக்க வேண்டும். நீக்கிவிட்டால் அது கட்டியதைப் புதியது அவிழ்க்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவிழ்க்காவிட்டால் சங்கரநயினார் தேங்காய் அளவிலேயே இருந்துவிட வேண்டியதுதான், ஏழரை முடிந்தும் பிரயோஜனம் கிடையாது.

அதனால் ஊர்க்காரர்கள் தங்கள் பொட்டலங்களையெல்லாம் முதலில் அவிழ்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. சலித்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். பங்குனி முதல் வாரம் முழுக்க ஆலடிப்பேட்டைத் தெருக்களில் நடக்க வழி இல்லை. எங்கே பார்த்தாலும் கட்டில், பத்தாயம், வைக்கோல், போன வருஷத்து உளுந்து, யாரோ ஒருவர் விற்றுவிட்டதாகப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்த மோட்டார் சைக்கிள், சண்டையை மறக்க வேண்டும் என்று அண்ணன் தம்பிகள் கட்டி வைத்திருந்த பாகப்பிரிவினைச் சுவர். பஸ் சுற்றிக்கொண்டு போனது. எவ்வளவு சாமான் நம்மிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆனாலும் செல்வியிடம் வந்து யாரும் இதை நிறுத்து என்று சொல்லவில்லை, இது அவள் புருஷன் விஷயம் என்பதால்.

பிரமு காலண்டர் பார்த்து வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலைக் குறித்துக் கொடுத்தாள். செல்வி மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதுக்குக் கரன்ட் போய்விட்டது, மாதாந்திரப் பராமரிப்பு என்றார்கள். வந்தபோது மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்குமேல் மறுபடி போனால் சாயங்காலம்தான் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். பிரமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ராகுகாலத்துல ஆரம்பிக்காத செல்வி. நாளைக்குப் பாத்துக்கிடலாம்.”

“நாளைக்கு வேற ஒரு காலம் வரும் மதினி. அன்னைக்கு ராகுகாலத்தைப் பாத்து ஓடுனதாலதான் நாம இப்படி நிக்கோம். மணி என்னவோ அதுவாவே இருந்துட்டுப் போகட்டும்.”

பழைய பொதியை நீக்கினாள். மெஷின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினாள். மைதீன் பிச்சை நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்தார், அது இத்தனை மாதமும் பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்தது, பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. விசாரணை தொடங்கியது, இது இருக்கிறதா, இருக்கிறது, அது இருக்கிறதா, இருக்கிறது. வாசலில் கூட்டம் கூடி நின்றது. வரிகள் ஓடின. ஒரு எச்சரிக்கை வந்தபோது அவள் ஓட்டத்தை நிறுத்தி, அது என்ன கேட்கிறது என்று பார்த்துத் திருத்திவிட்டுத் தொடர்ந்தாள். கட்டி முடிந்ததும் இன்ஸ்டால் செய்யவில்லை, சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தாள், ஒவ்வொரு சோதனையாகத் தேறிக்கொண்டு போனதைக் கைவிரல்களைப் பிசைந்துகொண்டே பார்த்தாள். எல்லாம் தேறிய பிறகுதான் இன்ஸ்டால் செய்தாள். பிறகு அவர் இருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் தூக்கி, கடையிலிருந்த பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தாள். அவிழ்க்கும் கட்டளையை அடித்துவிட்டு என்டர் மேல் விரலை வைத்தாள். வராமல் போனால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அழுத்தினாள்.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அதே கட்டம்போட்ட சட்டையோடு, கட்டுப் போட்ட கையோடு, என்டர் அழுத்திய விரலை இன்னும் நீட்டிக்கொண்டு, சங்கரநயினார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அது பிரமு.

“முடிஞ்சிட்டா செல்வி? ஏழரை போயிட்டா?”

“இல்ல. பங்குனி மாசந்தான் ஆகுது. ஆறு வருஷத்துக்குமேல மிச்சம் இருக்கு. உள்ள இருந்ததுல உங்களுக்கு ஒரு நாள்கூடக் கழியல.”

அவர் அவளைப் பார்த்தார். இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிறகு சுவரைப் பார்த்தார்.

“மணி பதினொண்ணரையா? இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“ராகுகாலம்லா.”

அவர் பார்வை கடிகாரத்துக்குப் போனது, கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. எழுந்து திருப்பி வைக்கப் போகிறார் என்று வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. செல்வி அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதைத் தொடாதீங்க. அந்தா தகரத்துல இருக்கு பாருங்க, நீங்க போன மறுநாள்லருந்து இருக்கு. இத்தனை நாளும் அதுகூட நான் ஒத்தையில இருந்தேன். எனக்கு அதைப் பாத்துப் பயம் இல்ல, நீங்க இல்லாம இருக்கத்தான் முடியல. மிச்சத்தை ரெண்டு பேருமாக் கழிப்போம்.”

சங்கரநயினார் காகத்தைப் பார்த்தார், காகம் அவரைப் பார்த்தது. அதன் பார்வையில் இத்தனை மாதம் இவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று தோன்றுகிறது, ஏனென்றால் அவர் கண் கலங்கியது. சரி என்றார். காப்பி போடச் சொல்லவா என்று செல்வி கேட்டாள். நானே வாங்கியாரேன் என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்தார், எழுந்த நேரம் நாற்காலியின் பின்னங்கால் முறிந்தது.

அவர் மல்லாந்து விழுந்ததைப் பார்த்து முதலில் சிரித்தது செல்விதான், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பிரமு, அப்புறம் மைதீன் பிச்சை, கீழே கிடந்த சங்கரநயினாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தகரத்திலிருந்து காகம் இறங்கி வந்து, காலையில் செல்வி வைத்திருந்த சோற்றைக் கொத்தித் தின்றது. செல்வி குனிந்து அவரைத் தூக்கிவிட்டாள். அவர் விழுந்தது சரியாகப் பதினொன்று நாற்பதுக்கு, அதில் மட்டும் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.